நாக்குக்கு எட்டாத முடி

பூனை நம் கையை நக்கினால் உப்புத்தாளால் உரசியதுபோல இருக்கும். அதன் நாக்கில் ஏறத்தாழ முந்நூறு முட்கள், எல்லாம் தொண்டைப் பக்கமாக வளைந்து நிற்கின்றன. நம் நகத்தில் உள்ள கெரட்டின்தான் அந்த முட்களிலும் இருக்கிறது. அவை கெட்டியான கூம்புகள் என்றே வெகுகாலம் எண்ணியிருந்தார்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த அலெக்சிஸ் நோயலும் டேவிட் ஹூவும் வீட்டுப் பூனையிலிருந்து புலி, சிங்கம் வரை ஆறு இனங்களின் நாக்கை முப்பரிமாணப் படம் எடுத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு முள்ளின் நுனியிலும் ஒரு பள்ளம் இருந்தது. நாக்கு வாய்க்குள் இருக்கும்போது அந்தப் பள்ளம் எச்சிலை இழுத்து வைத்துக்கொள்கிறது. நக்கும்போது அதை முடியின் அடிவரை கொண்டுபோய்ச் சேர்க்கிறது. பூனையின் குளியல், தலைவாரல், வியர்வை மூன்றையும் இந்த முட்களே பார்த்துக்கொள்கின்றன. பாதத்தைத் தவிர வேறெங்கும் பூனைக்கு வியர்ப்பதில்லை. முடியில் தடவிய எச்சில் ஆவியாவதால் அது வெளியேற்ற வேண்டிய வெப்பத்தில் கால் பங்குவரை குறையலாம் என்று 2018இல் வெளியான அந்த ஆய்வு கணக்கிட்டது.

அந்த ஆய்வில் இன்னொரு கணக்கும் உண்டு. அதை அவ்வளவாக யாரும் எடுத்துச் சொல்வதில்லை. நாக்கு அழுத்தும்போது முடி எவ்வளவு தூரம் படியும்? படிந்த பிறகு முள்ளின் நுனி தோலைத் தொடுமா? அளந்த பூனைகளில் எல்லாம் தொட்டது. பெர்சியனில் மட்டும் தொடவில்லை.

பெர்சியன் வளர்ப்பவர்களுக்குச் சொல்லப்படும் அறிவுரைகள் கேட்பதற்குச் சற்று ஆடம்பரமாகத்தான் தோன்றும். தினமும் சீவு, சில வாரங்களுக்கு ஒருமுறை குளிப்பாட்டு, காலையில் எழுந்ததும் கண்ணைத் துடைத்துவிடு. பூனைக்கு எதற்கு இத்தனை என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். திண்ணையில் வளர்ந்த பூனைக்கு இதெல்லாம் யாரும் செய்ததில்லை, அது சுத்தமாகத்தான் இருந்தது. கேள்வி நியாயமானது. பதில் மேலே சொன்ன அளவீட்டில் இருக்கிறது. தன் நாக்கால் பராமரிக்க முடியாத ஓர் உடையை இந்தப் பூனைக்கு மனிதர்கள் தைத்துப் போட்டுவிட்டார்கள். நாக்கு விட்டுவைத்த வேலையை இனி மனிதக் கைதான் முடிக்க வேண்டும்.

அந்த உடையின் முதல் தையல் ஒரே ஒரு மரபணுவில் இருக்கிறது. மயிர்க்கால் ஓயாமல் முடியை வளர்த்துக்கொண்டே இருப்பதில்லை. கொஞ்ச காலம் வளர்க்கும், பிறகு சுருங்கும், ஓய்வெடுக்கும், பழைய முடியை உதிர்க்கும், மறுபடி தொடங்கும். வளர்ந்தது போதும் என்று மயிர்க்காலுக்குச் சொல்லும் புரதத்தின் பெயர் எஃப்ஜிஎஃப்5. அதை உருவாக்கும் மரபணு பழுதானால் நிறுத்தச் சொல்லும் குறிப்பு தாமதமாகிறது, முடி நீண்டுகொண்டே போகிறது. சுண்டெலியில் இந்த மரபணுவை முடக்கினால் முடி நீள்வதை 1994இலேயே காட்டிவிட்டார்கள். 2007இல் தனித்தனியாக இரண்டு ஆய்வுக் குழுக்கள் பூனையிலும் அதே மரபணுவில் பழுதுகளைக் கண்டுபிடித்தன, மொத்தம் நான்கு. அவற்றில் ஒன்று கிட்டத்தட்ட எல்லா நீளமுடி வகைகளிலும் பரவியிருக்கிறது, பெர்சியனுக்குரியதும் அதுதான். மற்றவை ராக்டால், மெய்ன் கூன், நார்வே காட்டுப் பூனை போன்ற சில வகைகளில் தனியாகத் தோன்றியவை. நாயில் நீளமுடிக்குக் காரணமும் இதே மரபணுவே. கண்ணிமை முடி அசாதாரணமாக நீண்டு வளரும் சில மனிதக் குடும்பங்களைச் சோதித்தபோது அவர்களிடமும் எஃப்ஜிஎஃப்5 பழுதாகி இருந்தது. ஒப்பனைக் கடையில் காசு கொடுத்து ஒட்டிக்கொள்வதை அவர்களுக்கு ஒரு பிழையான மரபணு இலவசமாகக் கொடுத்திருக்கிறது.

இது ஒடுங்கு பண்பு. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பழுதான பிரதிகள் சேர்ந்தால்தான் முடி நீளும். மாடியிலிருந்து இறங்கிப் போன ஒரு பெர்சியன் கடுவன் தெருப்பூனையோடு சேர்ந்தால் பிறக்கும் குட்டிகள் பொதுவாகக் குட்டைமுடியோடுதான் இருக்கும். அந்தக் குட்டிகள் வளர்ந்து தங்களுக்குள் கூடும்போது நான்கில் ஒன்று என்ற வாய்ப்பில் திடீரென்று நீளமுடிக் குட்டி எட்டிப் பார்க்கும். நம் ஊர்த் தெருக்களில் அவ்வப்போது தென்படும் பஞ்சுவால் பூனைகளுக்குப் பெரும்பாலும் இப்படியொரு பூர்வகதை இருக்கக்கூடும்.

ஆனால் ஒரு மரபணுவால் மட்டும் பெர்சியன் உருவாகிவிடாது. மெய்ன் கூனுக்கும் நார்வே காட்டுப் பூனைக்கும் நீளமுடி உண்டு, இந்த அளவுக்குச் சிக்கல் இல்லை. வேறுபாடு அடிமுடியில் இருக்கிறது. பூனையின் மேல்முடி தடித்தது, வழவழப்பானது, நீரைத் தள்ளும். அடிமுடி மெல்லியது, நெளிவானது, வெப்பத்தைப் பிடித்துவைக்கும். காட்டோரக் குளிரில் வளர்ந்த அந்த இரண்டு வகைகளிலும் எண்ணெய்ப்பசை கொண்ட மேல்முடி நீண்டு, அடிமுடி குட்டையாக உள்ளே ஒளிந்திருக்கும். பெர்சியனிலோ அடிமுடியும் மேல்முடியோடு போட்டிபோட்டு நீண்டு, அடர்ந்து நிற்கிறது. மெல்லிய நெளிமுடி ஒன்றோடொன்று உரசினால் பின்னிக்கொள்ளும். கம்பளி ஆடை நெய்பவர்களுக்கு வரமாக அமையும் இந்தக் குணம் பூனைக்குச் சாபமாகிறது. இந்த அடிமுடியைக் கண்காட்சிக் கோப்பைகளுக்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து அடர்த்தியாக்கியவர்கள் வளர்ப்பாளர்கள்.

கதை பாரசீகத்தில் தொடங்குவதாகத்தான் எல்லோரும் சொல்வார்கள். 1620 வாக்கில் அங்கே தங்கியிருந்த இத்தாலியப் பயணி பியேத்ரோ தெல்லா வாலே, குராசான் பகுதியிலிருந்து வந்த பட்டுப்போன்ற நீளமுடிப் பூனைகளைப் பற்றித் தன் கடிதத்தில் எழுதி, சில சோடிகளை ரோமுக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற ஆசையையும் சொன்னார். துருக்கியின் அங்காராப் பகுதியிலிருந்து வேறு நீளமுடிப் பூனைகள் பிரான்சுக்குப் போயின. இருநூறு ஆண்டுகள் கழித்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் தூதராக ஆப்கானிய அரசவைக்குச் சென்ற மவுண்ட்ஸ்டூவர்ட் எல்ஃபின்ஸ்டன் 1815இல் வெளியிட்ட நூலில் வேறொரு செய்தியைப் பதிந்திருக்கிறார். பாரசீகப் பூனை என்று எங்கும் விற்கப்படும் நீளமுடிப் பூனைகள் உண்மையில் ஆப்கானிஸ்தானிலிருந்தே பெருமளவில் ஏற்றுமதியாகின்றன என்பது அவர் கூற்று. பெயருக்கும் பிறப்பிடத்துக்கும் இருந்த உறவு அப்போதே தளர்ந்துவிட்டது.

பிறகு லண்டன். 1871 ஜூலை 13 அன்று கிரிஸ்டல் பேலஸில் ஹாரிசன் வெயர் என்ற ஓவியர் ஒரு பூனைக் கண்காட்சி நடத்தினார். இன்றைய பூனைக் கண்காட்சிகளுக்கெல்லாம் அதுவே முன்னோடி. விக்டோரியா அரசி சாம்பல்நீல நிறப் பெர்சியன்களை வளர்த்தார். அரண்மனையில் இருப்பது மாளிகைகளுக்கும் வேண்டியிருந்தது. வெயர் 1887இல் தொடங்கிய தேசியப் பூனைக் கழகத்தின் முதல் தலைவரானார். சில ஆண்டுகளிலேயே, உறுப்பினர்களுக்குப் பூனையின் நலத்தைவிடப் பரிசே பெரிதாகிவிட்டது என்று மனம் கசந்து விலகினார். அவர் அன்று கண்ட பெர்சியனுக்கு நீண்ட மூக்கும் சாதாரண முகமும் இருந்தன. பின்னால் வந்ததை அவர் பார்க்கவில்லை.

இந்த நூற்றைம்பது ஆண்டுக் கலப்பு மரபணுவில் தெரிகிறது. பூனை மரபணு ஆய்வாளர் லெஸ்லி லயன்ஸின் குழு உலகின் பல பகுதிகளிலிருந்து பூனைகளின் டிஎன்ஏவைத் திரட்டி 2008இல் ஒப்பிட்டது. துருக்கிய அங்கோராப் பூனை எதிர்பார்த்தபடியே துருக்கிப் பகுதிப் பூனைகளோடு சேர்ந்தது. பெர்சியனோ மத்தியக் கிழக்கை விட்டுவிட்டு மேற்கு ஐரோப்பியப் பூனைகளோடு போய் நின்றது. முடி கிழக்கிலிருந்து வந்திருக்கலாம். மீதி உடம்பு ஐரோப்பாவில் உருவானது.

முகத்தை மாற்றும் வேலை அமெரிக்கர்கள் கையில் முழு வேகம் பெற்றது. 20ஆம் நூற்றாண்டில் தட்டையான முகத்துக்கு மதிப்பெண் கூடக் கூட மூக்கு குறுகியது, நெற்றி உருண்டது, கண்கள் பெரிதாக முன்னே வந்தன. பக்கவாட்டில் பார்த்தால் நெற்றி, மூக்கு, தாடை மூன்றும் ஒரே கோட்டில் நிற்கும் முகம் சாம்பியன் முகமானது. நம் ஊர்ச் செல்லப்பிராணிக் கடைகளில் இந்தத் தரவரிசைக்குத் தனி மொழியே உண்டு: டால் ஃபேஸ், செமி பஞ்ச், பஞ்ச், எக்ஸ்ட்ரீம் பஞ்ச். பெயரிலேயே குத்து இருக்கிறது. குத்து பலமாக விழுந்ததுபோல் முகம் இருந்தால் விலையும் கூடும்.

முகம் சப்பையானால் உள்ளே என்ன ஆகிறது? கண்ணில் சுரக்கும் நீர் இமையோரத்துச் சிறு துளைகள் வழியாக ஒரு குழாயில் இறங்கி மூக்குக்குள் வடிய வேண்டும். சாதாரணப் பூனையில் அந்தக் குழாய் நீண்ட மூக்கின் ஓரமாக ஒழுங்காக ஓடுகிறது. சப்பை முகத்தில் அதற்கு இடமில்லை. 2009இல் வெளியான சிடி ஸ்கேன் ஆய்வு ஒன்று, முகம் தட்டையாக ஆக இந்தக் குழாய் கீழே வளைந்து மறுபடி மேலேறுவதைக் காட்டியது. மிகத் தட்டையான முகங்களில் கோரைப்பல் ஏறக்குறையப் படுத்த நிலைக்குத் திரும்பிவிடுகிறது. கண்ணீர்க் குழாய் அந்தப் பல்லுக்கு அடியில் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. தண்ணீர் மேடேறாது. வழிந்து கன்னத்தில் இறங்கி, காய்ந்து, செம்பழுப்புக் கறையாகிறது. விளம்பரப் படங்களில் அந்தக் கறையைத் துடைத்துவிட்டே எடுப்பார்கள். துடைக்காமல் விட்டால் ஈரத்தில் தோல் புண்ணாகும்.

கண்ணோடு இது நிற்பதில்லை. கண்குழி ஆழமற்றுப் போனதால் கருவிழி வெளியே துருத்தி எளிதில் காயப்படுகிறது, சில பூனைகளில் இமை உட்புறம் மடிந்து முடி கருவிழியை உரசுகிறது. தாடை சிறுத்து இடம் போதாததால் பற்கள் தாறுமாறாக நெருக்கிக்கொண்டு முளைக்கின்றன. மூக்குத்துளை ஒடுங்குவதால் மூச்சில் சத்தம் வருகிறது. குறட்டை விடுகிறது, எவ்வளவு அழகு என்று காணொளியில் பதிவேற்றுகிறார்களே, அதில் பாதி மூச்சுத்திணறல். குட்டிகளின் தலை பெரிதாக இருப்பதால் பிரசவமும் சிக்கலாகும்.

லண்டன் அரச கால்நடை மருத்துவக் கல்லூரியினர் பிரிட்டிஷ் மருத்துவமனைகளுக்கு வந்த 3,235 பெர்சியன்களின் குறிப்புகளைத் தொகுத்து 2019இல் வெளியிட்டார்கள். முதலிடத்தில் முடிச் சிக்கல்கள், 12.7 விழுக்காடு. அடுத்து ஈறு, பல் நோய்கள், 11.3 விழுக்காடு. அதற்கடுத்து அளவுமீறி வளர்ந்த நகம், கண்ணீர் வடிதல். நோய்க்கிருமி தேடி வந்து உண்டாக்கிய நோய்களைவிட உடல்வடிவம் கொண்டுவந்த தொல்லைகளே இந்தப் பட்டியலின் உச்சியில் இருக்கின்றன. சராசரி ஆயுள் 13.5 ஆண்டுகள், அது மோசமில்லை. சாவுக்கான காரணங்களில் முன்னால் நின்றது சிறுநீரகம்.

சிறுநீரகத்துக்குத் தனிக்கதை. பிகேடி1 என்ற மரபணுவில் ஒற்றை எழுத்து மாறிவிட்டால் பூனையின் சிறுநீரகத்தில் பிறப்பிலிருந்தே நுண்ணிய நீர்க்கட்டிகள் உண்டாகின்றன. ஆண்டுக்கு ஆண்டு அவை பெருத்து நல்ல திசுவை நெரிக்கின்றன. பெரும்பாலும் ஏழு வயதை ஒட்டித்தான் அறிகுறி வெளியே தெரியும்: தாகம், மெலிவு, வாந்தி. அதற்குள் அந்தப் பூனை பல ஈற்றுக் குட்டிகளுக்குத் தாயோ தந்தையோ ஆகியிருக்கும். இது ஓங்கு பண்பு. பெற்றோரில் ஒருவரிடம் இருந்தாலே குட்டிகளில் பாதிக்குப் போகும். இரண்டு பிரதிகளும் பழுதான கரு பிறக்காமலே அழிந்துவிடும். ஒரு காலத்தில் பெர்சியன்களில் மூன்றில் ஒன்றுக்குமேல் இந்தக் குறையைச் சுமந்தன. லயன்ஸின் குழு 2004இல் அந்த எழுத்து மாற்றத்தைக் கண்டுபிடித்தபின், வாய்க்குள் பஞ்சுக்குச்சியைத் தேய்த்து எடுக்கும் மாதிரியிலேயே தெரிந்துகொள்ளும் மரபணுச் சோதனை வந்தது. பொறுப்பான வளர்ப்பாளர்கள் குறையுள்ள பூனைகளை இனப்பெருக்கத்திலிருந்து விலக்கத் தொடங்கினார்கள். நம் நாட்டுச் சந்தையில் குட்டி வாங்குபவர் தடுப்பூசி அட்டையைக் கேட்கிறார். இந்தச் சோதனை முடிவைக் கேட்பவரைக் காண்பது அரிது.

இனி சீப்பைக் கையில் எடுக்கலாம். கடையில் முதலில் எடுத்துக் காட்டுவது மெல்லிய கம்பி முனைகள் கொண்ட தட்டைப் பிரஷ். அதை மேலாக இழுத்தால் பூனை பொங்கி மலர்ந்து படத்துக்கு அழகாக நிற்கும், சிக்கு அடியில் அப்படியே இருக்கும். தேவை ஓர் உலோகச் சீப்பு, ஒரு பாதி அகலப் பல், மறுபாதி நெருக்கப் பல். முடியைக் கையால் விலக்கித் தோல் தெரியும்படி வகிடெடுத்து, அந்த வகிட்டிலிருந்து வெளிப்பக்கமாகச் சீவி, அடுத்த வகிட்டுக்குப் போக வேண்டும். முதுகை எல்லோரும் சீவுவார்கள். சிக்கு பிடிப்பது வேறு இடங்களில்: அக்குள், அடிவயிறு, காதுக்குப் பின்னால், தொடையின் பின்புறம், கழுத்துப்பட்டை உரசும் இடம். தினமும் பத்து நிமிடம் போதும். மூன்று நாள் விட்டுவிட்டால் ஒரு மணி நேரம் ஆகும், பூனையும் பொறுக்காது. குட்டியாக இருக்கும்போதே மடியில் வைத்துப் பழக்கியவர்கள் பிழைத்தார்கள்.

சிக்கு இறுகிச் சடையானால் அது தோலை நாளெல்லாம் இழுத்துக்கொண்டே இருக்கும். நடக்கும்போதெல்லாம் வலிக்கும். காற்றுப் போகாமல் அடியில் தோல் வெந்துபோகும். சிறு முடிச்சு என்றால் கொஞ்சம் சோளமாவு தூவி விரலால் பிரித்து, நுனியிலிருந்து சீவலாம். கத்தரிக்கோலை மட்டும் எடுக்கக் கூடாது. பூனையின் தோல் மெல்லியது, முடியோடு சேர்ந்து கூடாரம்போல் எழும்பும். சடையை வெட்டுவதாக நினைத்துத் தோலையே வெட்டிவிட்டு ஓடிவருபவர்களைப் பற்றி எந்தக் கால்நடை மருத்துவரைக் கேட்டாலும் சொல்வார். பெரிய சடைக்கு மருத்துவமனையில் மின்சாரக் கத்தரிதான் வழி, சிலசமயம் மயக்க மருந்தும் வேண்டியிருக்கும்.

சீப்பில் வருகிற முடி வயிற்றுக்குள் போகாத முடி. நாக்கின் முட்கள் உட்புறம் வளைந்திருப்பதால் பற்றிய முடியைப் பூனையால் துப்ப முடியாது, விழுங்கியே ஆக வேண்டும். பெரும்பகுதி மலத்தோடு போய்விடும். மீதி வயிற்றில் திரண்டு உருளையாக வாந்தியில் வரும். அது எப்போதாவது என்றால் இயல்பு. திரும்பத் திரும்பக் குமட்டி எதுவும் வெளியே வராமல் பூனை சாப்பாட்டையும் ஒதுக்கினால் குடலில் அடைப்பு இருக்கலாம், அன்றே காட்ட வேண்டும்.

குளியலைப் பற்றி இரண்டு சொல். இந்தப் பூனையின் தோல் எண்ணெய் முடியைக் கற்றை கற்றையாக ஒட்டவைக்கும், ஆகவே சில வாரங்களுக்கு ஒருமுறை குளியல் நல்லதே. சீவிவிட்டுத்தான் நனைக்க வேண்டும், நனைந்த சிக்கு இறுகிப்போகும். பூனைக்கான ஷாம்பு வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம் உலர்த்துவது. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் இந்த அடிமுடி தானாகக் காயாது. மேலே காய்ந்ததுபோல் இருக்கும், விரலை உள்ளே விட்டால் ஈரம் தெரியும். அந்த ஈரம் பூஞ்சைக்கு விருந்து.

பூஞ்சை என்றால் பெரும்பாலும் படர்தாமரை. பூனையில் அதை உண்டாக்கும் மைக்ரோஸ்போரம் கேனிஸ் பெர்சியன்களிடம் மற்ற வகைகளைவிட அதிகமாகக் காணப்படுகிறது. வட்டமாக முடி கொட்டி, பொருக்குத் தட்டும். சில பூனைகளில் அறிகுறியே தெரியாது, வீட்டுக் குழந்தையின் கையில் சிவந்த வளையம் வந்த பிறகுதான் பூனை மாட்டிக்கொள்ளும். புற ஊதா விளக்கில் பாதிக்கப்பட்ட முடி பச்சையாக ஒளிரலாம்; உறுதிசெய்ய முடியை வளர்சோதனைக்கு அனுப்புவார்கள். மனிதர்களுக்கான களிம்பை வாங்கி மேலே தடவுவதில் பயன் குறைவு. பூனை அதை நக்கித் தின்றுவிடும், பூஞ்சை வித்துகளோ சோபாவிலும் விரிப்பிலும் பல மாதம் உயிரோடு கிடக்கும். பூனைக்கு உள்மருந்து, மருந்துக் குளியல், வீட்டுக்கு விடாத சுத்தம் என மூன்றும் சேர்ந்தால்தான் தீரும்.

வெயில் காலத்தில் கேள்வி ஒன்று தவறாமல் வரும்: மொட்டையடித்துவிடலாமா? எச்சில் தோலை எட்டாத, குட்டை மூக்கால் மூச்சிரைத்து வெப்பத்தைத் தள்ளவும் தெரியாத பூனை மே மாதத்து அறையில் என்ன செய்யும் என்ற கவலை சரியானதே. ஆனால் தோல் தெரிய மழித்தால் வெயிலும் கீறலும் நேரே படும். ஓரிரு சென்டிமீட்டர் விட்டுக் கத்தரிப்பது, வயிற்றையும் பின்புறத்தையும் மட்டும் குறைப்பது என்று நடுவழி இருக்கிறது. அடிமுடியைச் சீவி எடுத்துவிட்டாலே பாதி வெப்பம் போய்விடும் என்பது என் எண்ணம். சீவச் சோம்பல்படுகிறவர்கள்தான் முதலில் மழிக்கக் கிளம்புகிறார்கள். குளிர்ந்த தரை, காற்றோட்டம், பல இடங்களில் தண்ணீர்க் கிண்ணம், உச்சி வெயிலில் குளிரூட்டிய அறை. பூனை நாய்போல் வாயைத் திறந்து இரைத்தால் அது விளையாட்டல்ல, உடனே மருத்துவரிடம் ஓட வேண்டிய நிலை.

மழிப்பவர்களுக்கு ஒரு வேடிக்கையும் காத்திருக்கிறது. 1930களில் ஹார்வர்டில் கிளைட் கீலரும் வர்ஜினியா காப்பும் சயாமியப் பூனையையும் பெர்சியனையும் கலந்து உருவாக்கிய வழியில் வந்தது ஹிமாலயன் வகை. உடல் வெளிறியும் காது, முகம், பாதம், வால் கருத்தும் இருக்கும். நிறமி உண்டாக்கும் நொதி அதற்கு வெப்பத்தில் வேலை செய்யாது, உடலின் குளிர்ந்த ஓரங்களில் மட்டுமே செய்யும். முதுகை மழித்துவிட்டுக் குளிரூட்டிய அறையில் வைத்தால் தோல் குளிர்ந்து, அங்கே முளைக்கும் முடி கருத்து வரும். பூனைக்கு ஏதோ நோய் என்று பதறுவார்கள். அடுத்த முடி உதிர்வில் சரியாகிவிடும்.

சாப்பாட்டில் பெர்சியனும் தெருப்பூனையும் ஒன்று. இரண்டும் ஊனுண்ணி. டாரின் என்ற பொருளைப் பூனையால் தனக்குப் போதுமான அளவு தயாரித்துக்கொள்ள முடியாது, இறைச்சியிலிருந்துதான் வர வேண்டும். அது குறைந்தால் விழித்திரை அழிவதை 1970களிலும், இதயத்தசை தளர்ந்து வீங்குவதை 1987இலும் கண்டறிந்தார்கள். சைவ வீட்டில் தயிர்சாதத்தில் வளரும் பெர்சியனுக்கு வெளியே போய் எலியாவது பிடித்துத் தின்னும் வாய்ப்பும் கிடையாது. பால் பெரும்பாலான வளர்ந்த பூனைகளுக்குச் செரிக்காது. கழிச்சலாகும், அந்தக் கழிச்சல் பின்புறத்து நீளமுடியில் ஒட்டிக்கொள்ளும், பிறகு நடப்பதைச் சொல்ல வேண்டாம். வாலடியில் முடியைக் குட்டையாகக் கத்தரித்து வைப்பது இதற்காகத்தான். சிறுநீரகத்தை நினைத்தாவது உலர்தீனியோடு ஈர உணவும் கொடுக்கலாம். பூனை இயல்பாகவே குறைவாகத் தண்ணீர் குடிக்கும் பிராணி.

நீளமுடிக்குள் உண்ணியும் தெள்ளுப்பூச்சியும் ஒளிந்துகொள்ளும் என்பதால் மருந்து வாங்கப் போவோம். அங்கே ஓர் ஆபத்து உண்டு. நாய்களுக்கான சில சொட்டு மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு. வலிப்பு வந்து சாகலாம். அளவைக் குறைத்துப் போடலாம் என்ற கணக்கு இங்கே செல்லாது. நஞ்சை முறிக்கும் ஒரு வழி பூனையின் கல்லீரலில் பலவீனமானது, ஆகவே காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாராசிட்டமால் ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடலாம். பூங்கொத்தில் வரும் லில்லிப் பூவின் மகரந்தம் முடியில் ஒட்டி, அதைப் பூனை நக்கினாலே சிறுநீரகம் செயலிழக்கலாம். நீளமுடி மகரந்தத்தை நன்றாகவே பிடித்துவைக்கும்.

வாங்கப் போகிறவர் கடையிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனின் பூனைப் பதிவு அமைப்பு பெர்சியனின் முகத்துக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறது: மூக்கு நுனியின் மேல்விளிம்பு, கண்ணின் கீழ் இமைக்கு மேலே ஏறக் கூடாது. குட்டியை நேராகப் பார்த்தபடி பிடித்து, இரு கீழ் இமைகளையும் சேர்த்து ஒரு கோடு மனத்தில் போட்டுக்கொள்ளுங்கள். மூக்கு முழுவதும் அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தால் கண்ணீரும் மூச்சும் போக ஓரளவு வழி இருக்கிறது. எக்ஸ்ட்ரீம் பஞ்ச் என்று இரட்டை விலை சொல்லும் குட்டியில் மூக்கு இரு கண்களுக்கும் நடுவே இருக்கும், அது இந்த விதியில் தேறாது. டால் ஃபேஸ் தேறும், விலையும் குறைவு. பிறகு தாய், தந்தை இரண்டின் பிகேடி சோதனை முடிவையும் கேளுங்கள். இல்லை என்றால், பத்து மாதத்துக்கு மேற்பட்ட தாய்ப்பூனைக்கும் கடுவனுக்கும் வயிற்று ஸ்கேன் எடுத்தாலே நீர்க்கட்டிகள் பெரும்பாலும் தெரிந்துவிடும். அதற்கும் சம்மதிக்காதவரிடம் குட்டி வாங்காதீர்கள்.